யாரிடமும் சொல்லாத களம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. ஏழு மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். கொடித் துணிகளைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். ஆரஞ்சு பாதி, வெள்ளை பாதி. கீழ்வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், கட்சி ஆரம்பிச்சுட்டீகளா?" பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். பதில் சொன்னால் அரை மணி நேரம் போகும்.

15-ஆம் தேதி போட்டி. அதற்குள்:
– பெரிய திரை, ஜெனரேட்டர்
– ஓடுகிறவர்கள் முதுகில் கட்டும் டிராக்கர் (பெங்களூரிலிருந்து வரணும்)
– மைக் சௌந்தரம்
– ஆம்புலன்ஸ், மோர்ப்பந்தல்
– ரெண்டு பிள்ளைகளுக்கு ஷூ கிழிசல்

போன வருஷ அவமானம் இன்னும் ஆறவில்லை. சென்னையிலிருந்து மூன்று பேர் குழு. மாநில விளையாட்டு விழாவில் ஓரியண்டீரிங்கைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தார்கள். கையில் வரைபடம், காம்பஸ். காட்டுக்குள் கொடிகளை வரிசையாகத் தேடித் தொட்டுவிட்டு முதலில் வருகிறவருக்கு வெற்றி. இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது? எங்கள் பிள்ளைகள் முள்ளுக்குள் பாய்ந்து மறைந்தார்கள். குழு பந்தலில் உட்கார்ந்து வடை தின்றது. ஒரு மணி நேரம் கழித்து முதல் பிள்ளை கால் கிழிந்து வெளியே வந்தது. குழுத் தலைவர் சொன்னது அப்படியே: "என்னம்மா இது, ஆடு மேய்க்கப் போன மாதிரி போறாங்க, வர்றாங்க. நடுவுல நாங்க என்னத்தப் பாக்குறது?"

கையிலிருந்த டீயை அந்த மூஞ்சியில் ஊற்றியிருப்பேன். கருணா அண்ணன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இதுதான் கடைசி வாய்ப்பு என்று கடிதம் வந்திருக்கிறது. இந்த முறை தேறவில்லை என்றால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டாமாம். விழாவில் சேர்ந்தால்தான் பிள்ளைகளின் சான்றிதழுக்கு மதிப்பு, காலேஜ் ஒதுக்கீடு எல்லாம். பதினான்கு வருஷம் இந்த ஊரில் இதற்காக நாயாய் அலைந்திருக்கிறேன். எனக்கு இது வேண்டும். எப்படியாவது வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

சௌந்தரம் வந்தார். மாடுபிடி வர்ணனையில் கொடிகட்டிப் பறக்கிற ஆள். மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரல். திரையில் ஆளுக்கு ஒரு புள்ளி நகரும், அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"ரத்தம் வருமா டீச்சர்?"

"முள்ளு கிழிச்சா வரும்."

"அது போதும். ஏத்தி விட்ருவேன். நம்ம ஊர்ச் சனம் ரத்தம் பாக்காம உக்காராது."

போகும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டப்பெயர் கேட்டார். நாளைக்குள் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் கருணா அண்ணனோடு சண்டை. பெரிய சண்டை. அவரைப் பற்றி இந்த நோட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பதினேழு வருஷம் பட்டாளம், அங்கேதான் இந்த விளையாட்டைக் கற்றார். இப்போது வாடிப்பட்டி வீடு, மதுரையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. இந்த மாவட்டத்தில் ஒழுங்காகக் களம் வரைந்து கொடி நடத் தெரிந்த ஒரே ஆள். என்னைவிட ரெண்டு வயது மூத்தவர், ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மேலூருக்கு அங்கிட்டு ஒரு பாறைக்காடு பிடித்திருக்கிறோம். உருண்டைப் பாறைகள், குவாரி வெட்டிய பள்ளம், உடைமரம். அருமையான களம்.

"ஊர்ல ஒரு வார்த்தை சொல்லிருவோம் டீச்சர். முன்ன இப்படித்தான் நாலு பேரு வந்து அளந்திருக்காக, கல்லு நட்டிருக்காக. அப்புறம் குவாரிக்காரன் வந்து அவுக கண்மாயத் தின்னுட்டான். அந்த ஊருல புது ஆளு ஒரு குச்சி ஊண்டுனாலே கொதிப்பாக."

நான் முடியவே முடியாது என்றேன். எங்கள் பிள்ளைகளில் ரெண்டு பேர் பக்கத்து ஊர். காலையில் சொன்னால் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குத் தெரியும். களத்தை முன்கூட்டிப் பார்த்தவர் ஒருவர் ஓடினாலும் போட்டி செல்லாது. குழுவில் யாராவது அதைத் தோண்டினால் என் கதி? களம் மூடிய களம்தான், யாருக்கும் தெரியக்கூடாது என்றேன். தாசில்தார் அனுமதி இருக்கிறது, அது போதும்.

"அப்ப அந்தக் காயிதத்தையாச்சும் என் கையில குடுங்க."

"அதுல ஊர் பேரு இருக்கு அண்ணே. எங்கிட்டே இருக்கட்டும்."

கையை நீட்டியபடியே நின்றார். எனக்குக் கோபம் ஏறியது. "பட்டாளத்துல இருந்தவருக்கு உத்தரவுன்னா என்னன்னு நான் சொல்லணுமா?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அதோடு விட்டேனா, இன்னொன்றும் சேர்த்துச் சொன்னேன்: யாராவது வம்புக்கு வந்தால் கை ஓங்கக் கூடாது, கைகலப்பு என்று குழு காதுக்குப் போனால் அம்புட்டுத்தான்.

"சரி டீச்சர்" என்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

டிராக்கர் பார்சல் வரவில்லை. கூரியர்காரனை போனில் கிழித்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் அடித்தேன், சுண்ணாம்பு பெயர்ந்தது. பிறகு எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிர மொழியில் ஒரு மூச்சுத் திட்டினேன். தமிழில் திட்டினால் எனக்குத் திட்டிய மாதிரியே இருக்காது. அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாரம், வீடு தாங்குமா?" என்றார்.

பிள்ளைகள் வேகம் தேவலை. ஷூ வாங்கியாயிற்று.

பிப்ரவரி 10, செவ்வாய்

எழுதிவிட வேண்டும். பிறகு மாற்றி எழுதத் தோன்றும்.

காலை 8.40. பிரேயர் நடந்துகொண்டிருந்தது. போன். கருணா அண்ணன் நம்பர், ஆனால் வேறு குரல், போலீஸ். "இந்த ஆளு உங்களுக்கு என்ன வேணும்?"

ஸ்கூட்டியில் மேலூர் வரை எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

நடந்தது, போலீஸும் அங்கே நின்ற ஒரு அம்மாவும் சொன்னதை வைத்து: நேற்று வந்த டிராக்கர்களைத் திரையில் ஒத்திகை பார்ப்பதற்காக அண்ணன் விடியற்காலை கொடி நடப் போயிருக்கிறார். பதினோரு இடம். இரும்புக்கம்பி, கொடி, ஒவ்வொன்றிலும் எண். ஆறு மணிக்கு ஆடு மேய்க்க வந்த அந்த அம்மாதான் பார்த்திருக்கிறாள். அவர் கையில் வரைபடம். அதில் அவர்கள் பாறை, அவர்கள் கிணறு, அவர்கள் சுடுகாடு, எல்லாவற்றையும் சுற்றி ஊதா வட்டம்.

"யாரு சாமி நீங்க? எதுக்கு அளக்குறீக?"

"அளக்கலம்மா. ஒரு விளையாட்டுக்கு."

"என்ன விளையாட்டு?"

"சொல்லக்கூடாதும்மா."

அந்த ஒரு வார்த்தைதான். பத்து நிமிஷத்தில் ஊர் திரண்டுவிட்டது. காயிதம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "டீச்சர்ட்ட இருக்கு" என்றிருக்கிறார். எந்த டீச்சர் என்றதற்குப் பதில் இல்லை. முதல் அடி மண்வெட்டிக் காம்பு, தோளில். பிறகு கல். பிறகு கணக்கே கிடையாது. பதினேழு வருஷப் பட்டாளத்து ஆள் நினைத்திருந்தால் நாலு பேரைச் சாய்த்துவிட்டு ஓடியிருக்கலாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். "அடிங்க, ஆனா கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். யாரோ கொடிக்கம்பியைப் பிடுங்கிக் குத்தினார்கள்.

இடது கண்.

நான் போனபோது பாறையில் ரத்தம் காய்ந்து ஈ மொய்த்தது. பாதிக் கொடிகள் கரிந்து கிடந்தன. வரைபடத்தைக் கிழித்து மிதித்திருந்தார்கள். என் கைப்பையில் தாசில்தார் கடிதம், மடிப்புக் கலையாமல்.

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் ஆபரேஷன். கண்ணை எடுத்துவிட்டார்கள். விலா எலும்பு மூன்று முறிந்திருக்கிறது. அவர் மனைவி முத்துலெட்சுமி வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். நேராக வார்டு வாசலில் போய் உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 11, புதன்

லீவு. மழை வருகிற மாதிரி மேகம், வரவில்லை.

ஐந்து பேரைப் பிடித்திருக்கிறார்கள். நான் அந்த ஊருக்குப் போனேன். எதற்குப் போனேன்? எவனையாவது கொல்லலாம் என்றுதான் போனேன், வேறென்ன. கடிதத்தை எடுத்து நீட்டினேன். "அனுமதி இருக்கு, பாருங்க. அனுமதி இருக்கிற ஆளத்தான் கண்ணக் குத்தினீங்க."

ஆடு மேய்த்த அந்த அம்மா, பெயர் பேச்சி, அவள் புருஷனும் அந்த ஐந்து பேரில் ஒருவன். அவள்தான் கடிதத்தை வாங்கினாள், படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாள். கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"இந்தக் காயிதம் நேத்து எங்கன இருந்துச்சு?"

"எங்கிட்ட."

"அவரு கையில இருந்திருந்தா நாங்க ஏன் ஆத்தா அடிக்கப் போறோம்? ஒரு வார்த்தை சொல்லிருந்தா பந்தல் போட்டு, தண்ணி மோந்து வச்சிருப்போமே."

கீழே கிடந்த கல்லை எடுத்தேன். எடுத்தது யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை. கீழே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல் டீக்கடை. ரெண்டு பேர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவனோ அடியைப் படமெடுத்திருக்கிறான். "பாரு மாப்ள, கையக் கட்டிக்கிட்டு வாங்குறான். லூசுப் பய." ஹெல்மெட்டால் அவன் மூஞ்சியில் அடித்தேன். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. இன்னொருவன் எழுந்தான், அவனுக்கும் ஒன்று. டீக்கடைக்காரர் என்னைப் பிடித்து இழுத்து, "போங்கம்மா, போயிருங்க" என்றார்.

உண்மையைச் சொன்னால் சுகமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். பிறகு ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த ரத்தத்தைக் குழாயடியில் கழுவினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

குழுத் தலைவர் மதுரைக்கே வந்துவிட்டார். ஓட்டல் அறை. ஏசி குளிர். எல்லாம் ரத்து என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. முகம் மலர்ந்து இருந்தது.

"எங்க போனாலும் அந்த வீடியோதாம்மா. இது என்ன விளையாட்டுன்னு மினிஸ்டர் ஆபீஸ்லயே கேக்குறாங்க. இத்தன வருஷம் நீங்க கத்தி ஒருத்தனுக்கும் தெரியல. இப்பத் தெரிஞ்சிருச்சு. விட்றக் கூடாது."

22-ஆம் தேதி நடத்தலாமாம். காட்டில் வேண்டாம், நகரத்துக்குத் தெற்கே வறண்ட கண்மாய் இருக்கிறதே, அங்கே. கூட்டம் தானாக வரும். ஒரே ஒரு சிக்கல், எங்கள் மாவட்ட ஓரியண்டீரிங் சங்கத்தின் மேல் கறை இருக்கக் கூடாது. ஒரு சின்னக் கடுதாசி டைப் அடித்தே வைத்திருந்தார். சங்கம் முறையாக அனுமதி வாங்கியது. ஊர் மக்களுக்குச் சொல்லும்படி அமைப்பாளர் கருணாவிடம் கூறியது. அவர் கூறியபடி செய்யாமல், அனுமதிக் கடிதத்தையும் எடுத்துச் செல்லாமல் தன்னிச்சையாகப் போனார். அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியாகிவிட்டது. கீழே செயலாளர் என்று என் பெயர்.

"இது பொய் சார்."

"கையெழுத்துப் போட்டா அன்னைக்கே சேத்தாச்சுன்னு அறிவிச்சுடுவேன். போடலேன்னா நானே நெனச்சாலும் முடியாது."

யோசிச்சுச் சொல்றேன் என்று வந்துவிட்டேன். அங்கேயே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழிக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்றைக்கு நடந்திருக்க வேண்டிய நாள்.

வார்டில் கருணா அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். பாதி முகத்துக்குக் கட்டு. மடியில் அந்தக் கண்மாயின் பழைய வரைபடம், அவரே ரெண்டு வருஷம் முன்பு நடந்து நடந்து வரைந்தது. 22-ஆம் தேதி என்று போனில் சொல்லியிருந்தேன், அதற்குள் ஆரம்பித்துவிட்டார். ஒரு கண்ணால் குனிந்து ஊதாப் பேனாவில் வட்டம் போடுகிறார். பேனா முனை காகிதத்தில் படுவதற்கு முன்பே அழுத்துகிறார், கோடு விலகிப் போகிறது. அழிக்கிறார். மறுபடியும்.

"நடுவுல ஒருக்கா பந்தல் முன்னாடி ஓடி வந்து திரும்பப் போற மாதிரி வச்சிருக்கேன் டீச்சர். சனம் மூஞ்சியப் பாக்கும்ல. அதான அவரு கேட்டாரு."

கடுதாசி விஷயத்தைச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"போட்ருங்க. பிள்ளைக சீட்டு. எனக்கென்ன, போன கண்ணு வரவா போகுது."

முத்துலெட்சுமி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "அவரு போடுங்கன்னுதான் சொல்லுவாரு. நீங்க அடி வாங்குங்கன்னாலும் வாங்குவாரு, வாங்குனாரு. நீங்க என்ன சொல்றீக, அதச் சொல்லுங்க."

ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

போட்டுவிட்டேன். மணி 11.10, ஸ்டாஃப் ரூமில், விளையாட்டு ஒதுக்கீட்டு ஃபைல் மேல் வைத்து.

காரணங்கள் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பிள்ளைகள். பதினான்கு வருஷம். அவரே போடச் சொன்னார். எழுதினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

நேற்றே சேதி. அந்தக் கடுதாசி ஸ்டேஷனுக்கும் போயிருக்கிறது. ஐந்து பேருக்கும் ஜாமீன். கருணா அண்ணன் மேல் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. கேஸ் உள்ள ஆள் செக்யூரிட்டி வேலையில் இருக்கக் கூடாதாம், நிறுத்திவிட்டார்கள். தலைவருக்கு போன் போட்டேன். "அது நிக்காதும்மா, விடுங்க" என்றார். போனை ஓங்கித் தரையில் அடித்தேன். திரை நொறுங்கியது. சர்வீஸ் கடைக்குக் கொடுத்திருக்கிறேன்.

வரைபடம் வந்துவிட்டது. பதினாறு வட்டம், ஒன்றுகூடக் கோணல் இல்லை. எத்தனை முறை அழித்தாரோ, காகிதம் மெலிந்து வெளிச்சம் தெரிகிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

வெயில். ஆறு மணிக்கே கொடி நட்டேன். இந்த முறை மூன்று நாளாக ஆட்டோவில் மைக் கட்டி எல்லா ஊருக்கும் சொல்லியாயிற்று. ஓடியவர்களில் பாதிப் பேர் அதே கண்மாயில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள். களத்தின் ஒவ்வொரு பள்ளமும் அவர்களுக்குத் தெரியும். மூடிய களமாவது மண்ணாவது. ஒருத்தரும் கேட்கவில்லை, ஒரு புகார் இல்லை. அந்த ரகசியத்துக்குத்தான் ஒரு கண்.

கூட்டம் கரை முழுக்க. மரத்தின் மேல்கூட. திரையில் புள்ளிகள் நகர, சௌந்தரம் எடுத்து விட்டார்: "வாராக, வாராக, வாடிவாசல் தாண்டி வாரா நம்ம சிறுத்தை." பந்தல் முன்னால் பிள்ளைகள் ஓடி வந்தபோது ஒருத்தி கம்பி வேலியில் விழுந்து முழங்கால் பிளந்தது. ரத்தம் ஷூ வரை. எழுந்து ஓடினாள். அப்போதுதான் கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. தலைவரும் எழுந்து நின்றார். நான் பதினான்கு வருஷம் கனவு கண்டது இதைத்தான். கூடவே அத்தனை பேரையும் செருப்பால் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

நடுவில் சௌந்தரம் மைக்கை மூடிக்கொண்டு கேட்டார்: "களம் வரைஞ்சது யாரு டீச்சர்? பேரு சொல்லணும்ல, அதான மொறை."

தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சங்கம்னு சொல்லுங்க" என்றேன்.

பரிசளிப்பில் தலைவர் அறிவித்தார். மாநில விழாவில் சேர்த்தாகிவிட்டது. பிள்ளைகள் என்னைத் தூக்கினார்கள்.

கூட்டம் கலையும்போது பேச்சி. மேலூரிலிருந்து ஒரு வேனில் ஊர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள், புருஷனும் உண்டு. கையில் நாங்கள் கொடுத்த மோர்.

"இதுதானா அது?"

"இதுதான்."

"இதச் சொல்லக் கூடாதுன்னா அந்த மனுசன் வாயத் தொறக்கல?" மோரைக் குடிக்காமல் மண்ணில் ஊற்றினாள். வேனில் ஏறிப் போய்விட்டாள்.

பிப்ரவரி 23, திங்கள்

பள்ளிக்கூடத்தில் பாராட்டு, சால்வை. அதைப் பையில் திணித்துக்கொண்டு வாடிப்பட்டி போனேன். மணி நாலு.

கருணா அண்ணன் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் ஜன்னல், இடது பக்கம் எனக்கு ஸ்டூல். பேச வேண்டுமென்றால் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருக்கிறது, கழுத்து வலிக்கிறது என்று நேராகப் பார்த்துக்கொண்டே பேசினார். சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் என் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார். ஒன்பதாம் கொடியில் எத்தனை பேர் தடுமாறினார்கள் என்று கேட்டார். ஏழு பேர் என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். விலா வலித்து நிறுத்தினார்.

பிறகு, வேறு யாருக்காகவோ கேட்கிற மாதிரி: "மைக்குல பேரு சொன்னாகளா டீச்சர்?"

முத்துலெட்சுமி சொம்பில் தண்ணீரோடு அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நேற்று முழுவதையும் அவருக்குத் தெரியாமல் போனில் நேரலையில் பார்த்திருக்கிறாள். அவள் முகத்திலேயே தெரிந்தது.

"சொன்னாங்க அண்ணே. ரெண்டு தடவை சொன்னாங்க."

சொம்பை என் முகத்தில் வீசினாள். மூக்குத்தண்டிலும் புருவத்திலும் விளிம்பு பட்டது. தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து சேலையில் ஓடியது. அவருக்கு இடப்பக்கம் நடந்தது, பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டே, "ஏ, என்ன விழுந்துச்சு? என்ன டீச்சர்?" என்று பதறினார்.

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல அண்ணே. சொம்பு கை தவறிருச்சு."

புருவத்தில் மூன்று தையல்.